முதல் வெளிநாட்டுப் பயணம்: சிங்கப்பூரா, பாங்காக்கா, யாழ்ப்பாணமா, மலேசியாவா?

அக்கா மகளுக்கு 23 வயது. கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் திருச்சிக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "சித்தி, அறுபதாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். ஆறு நாள் லீவு எடுக்கலாம். தனியா ஒரு வெளிநாடு போய்ட்டு வரணும். எங்க போகட்டும்?" பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. வெளிநாடு என்றதற்கு அல்ல, 'தனியா' என்றதற்கு.

அன்று ராத்திரி மூன்று பேரும் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவள் மனதில் நான்கு ஊர்கள் இருந்தன. நான்கும் நான் போய் வந்தவை என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். பேசி முடித்தபோது மணி ஒன்று. அவளைப்போல முதல் சம்பளத்தில் காசு சேர்த்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். அன்று பேசியதை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நேபாளத்தையும் வியட்நாமையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். நேபாளத்துக்கு நமக்குப் பாஸ்போர்ட்டே தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். அருமையான நாடுதான். ஆனால் இமிகிரேஷன் வரிசை, விசா, முத்திரை என்று இவள் பழகிக்கொள்ள நினைக்கிற பாதி விஷயம் அங்கே வராது. வியட்நாமுக்கு 25 அமெரிக்க டாலரில் இ-விசா கிடைக்கிறது. அது இரண்டாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

முதல் பயணத்துக்கு ஊர் தேடும்போது ஒரு கேள்வியைத்தான் நான் முன்னால் வைப்பேன். அங்கே ஒரு தப்பு நடந்தால் அதைச் சரிபண்ண எவ்வளவு பணம் ஆகும், எவ்வளவு நேரம் ஆகும்? முதல் தடவை போகிறவருக்குத் தப்பு நடக்கத்தான் செய்யும். பஸ்ஸை விடுவோம், வேறு டெர்மினலுக்குப் போய் நிற்போம், கார்டு வேலை செய்யாது, விடுதியின் பெயர் மறந்துவிடும். இதெல்லாம் ஒரு ஊரில் இருநூறு ரூபாயில் முடியும், இன்னொரு ஊரில் ஐயாயிரம் ஆகும்.

என் முதல் பயணத்தில் எனக்குத் தப்பே நடக்கவில்லை, ஏனென்றால் எதையும் நான் செய்யவில்லை. 26 வயதில் ஒரு ஏஜென்ட் மூலமாக சிங்கப்பூர் போனேன். நான்கு இரவு, பதினெட்டுப் பேர். பாஸ்போர்ட், விசாத் தாள், ஓட்டல் பதிவு எல்லாம் அவருடைய ஃபைலில் இருந்தன. ஏறச் சொன்ன இடத்தில் ஏறினோம், இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கினோம். திட்டத்தில் இருந்த இரண்டு இடங்களை வெட்டிவிட்டு, மூன்று மணி நேரம் ஒரு நகைக்கடையில் உட்கார வைத்தார். ஊர் திரும்பியதும் தோழி ஒருத்தி, "வருகை அட்டைல என்னடி கேக்குறாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நிரப்பியது அவர், கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. அதனால்தான் பேக்கேஜா, சொந்தமாகவா என்று அக்கா மகள் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போவதென்றால் பேக்கேஜ் நல்லது. 23 வயதில் தானே போய்த் தானே திரும்ப வேண்டும்.

சிங்கப்பூர்

பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் சிங்கப்பூரை அடித்துக்கொள்ள ஊர் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து அறைக்குப் போகலாம். எம்ஆர்டி என்ற நகர ரயிலின் நிலையங்களின் பெயர் தமிழிலும் எழுதியிருக்கும். நம் வங்கியின் விசா, மாஸ்டர் கார்டு டேப் செய்கிற வகையாக இருந்தால் அதையே ரயில் வாசலில் காட்டிவிட்டு உள்ளே போகலாம், டிக்கெட் வரிசை கிடையாது. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோவில், தேக்கா மார்க்கெட், சிராங்கூன் ரோடு என்று சுற்றினால் அந்நிய மண் என்ற பயமே வராது.

சிக்கல் பணத்தில்தான். சிங்கப்பூர் டாலர் 65 ரூபாயைத் தாண்டிவிட்டது. பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு படுக்கைக்கே ஒரு இரவுக்கு 35, 40 டாலர் ஆகும். சாப்பாட்டை மட்டும் ஹாக்கர் சென்டர் என்ற மலிவு உணவுக்கடைக் கூடங்களில் 6 டாலருக்குள் முடித்துக்கொள்ளலாம். விசாவும் எடுக்க வேண்டும். கட்டணம் 30 டாலர், மறுத்தாலும் திரும்ப வராது. நாமே நேராக விண்ணப்பிக்கவும் முடியாது, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகவோ அங்கே இருக்கும் உறவினர் வழியாகவோதான் போக வேண்டும், ஏஜென்ட் தன் கூலியைத் தனியாகச் சேர்ப்பார். அறுபதாயிரத்தில் போய் வர முடியாது என்று சொல்லவில்லை. முடியும். ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கடைசி ரயிலை விட்டுவிட்டு ஒரு டாக்சி பிடித்தால் மறுநாள் சாப்பாட்டில் கை வைக்க வேண்டிவரும்.

சட்டமும் கறார். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலே 500 டாலர் வரை அபராதம் போடலாம். சூயிங்கம்மை 1992இலேயே தடை செய்துவிட்டார்கள். குருமாவுக்கு என்று நம் வீட்டில் கட்டிக் கொடுக்கும் கசகசா அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள், பையில் போடவே கூடாது. இதைச் சொன்னதும் அக்கா, "கசகசாவா!" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஒன்று மட்டும் செய்யலாம். அங்கே நெருங்கிய உறவினர் வீடு இருந்து, தங்கவும் சாப்பிடவும் அவர்கள் பார்த்துக்கொண்டால் கணக்கு மொத்தமாக மாறிவிடும். அப்போது சிங்கப்பூரையே முதலில் எடுக்கலாம். கார்டன்ஸ் பை தி பேயில் சூப்பர்ட்ரீ விளக்குக் காட்சி தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் இலவசம். ஆற்றங்கரை நடைக்கும் காசு இல்லை. எங்களுக்கு அங்கே அப்படி யாரும் இல்லை.

பாங்காக்

இவளுடைய அலுவலகத்தில் பாதிப் பேர் முதலில் போன ஊர் இதுதான். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. புறப்படும் முன் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. நல்ல ஹாஸ்டல்கள் மலிவாகக் கிடைக்கும். சாவ் பிரயா ஆற்றில் போகும் பொதுப் படகில் ஏறிவிட்டால் வாட் அருண், வாட் போ என்று கரையோரமாகவே அரை நாளைக் கழிக்கலாம். சீலோமில் நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. தாய் மக்களே மாலை வாங்கிக்கொண்டு வந்து கும்பிட்டு நிற்பதைப் பார்க்கும்போது மனது என்னவோ செய்யும்.

இருந்தும் முதல் பயணத்துக்கு நான் ஏன் தயங்குகிறேன் என்றால், அங்கே வழி தவறினால் பலகையைப் படித்துத் திரும்ப முடியாது. அந்த எழுத்தின் மூலம் பல்லவர் எழுத்துத்தான் என்றாலும் ஒரு எழுத்துகூட நமக்குப் பிடிபடாது. பெரிய சாலையை விட்டுச் சந்துக்குள் போனால் ஆங்கிலம் குறைந்துவிடும். இரண்டு விமான நிலையங்கள் வேறு: சுவர்ணபூமி ஒரு பக்கம், டான் முவாங் இன்னொரு பக்கம். திரும்பும்போது டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்க்காமல் மற்றதற்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் கிராண்ட் பேலஸ் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, நான் வேறு கோவில் காட்டுகிறேன்" என்று டுக்டுக்கில் ஏற்றப் பார்ப்பார். மூடியிருக்காது. நேராக வாசலுக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். காய்கறி மட்டும் போட்டு வதக்கித் தந்தாலும் அதில் மீன் சாஸ் இருக்கும். மஞ்சள் பலகையில் சிவப்பாக 'ஜே' என்ற எழுத்துப் போட்ட கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே சாப்பாடு தேவாமிர்தம்.

தாய்லாந்து என்றதும் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "சுற்றுலாவாக வந்து இறங்குங்கள், பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்" என்று யாராவது டிக்கெட் போட்டுக் கொடுத்தால் போகாதீர்கள். அப்படி நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். 2022இலிருந்து எத்தனையோ பேரை மீட்டு அழைத்து வந்திருக்கிறார்கள். ஊர் சுற்றப் போவது வேறு, வேலைக்குப் போவது வேறு. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துத் தருகிறேன் என்பவர் எந்த நாட்டைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

யாழ்ப்பாணம்

என் மனதுக்கு மிக நெருக்கமான ஊர் இதுதான். திருச்சியிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்குச் சிறிய விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இல்லையென்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான்கு மணி நேரத்தில் அக்கரை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பி லீவு போடக் கூடாது. விசாவுக்குப் பதிலாக ஈடிஏ என்ற அனுமதியை இலங்கை அரசின் தளத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். இடியப்பம், சொதி, சம்பல் என்று காலைச் சாப்பாடு வயிறு நிறைய முடிந்தாலும் பர்ஸில் பெரிதாகக் குறைந்திருக்காது. நல்லூர்க் கோவில், நயினாதீவு நாகபூசணி அம்மன், யாழ் நூலகம், கீரிமலை என்று நான்கு நாள் நிதானமாகப் பார்க்கலாம். பஸ் நிலையத்தில் நான், நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "இப்பதான் ஒண்டு வெளிக்கிட்டது பிள்ளை. பேந்து ஒண்டு வரும், இருங்கோ" என்று தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தார். பஸ் வந்ததும் கண்டக்டரிடம், "உவ இந்தியாவில இருந்து வாறா, ஜெட்டியடியில இறக்கிவிடும்" என்று சொல்லி ஏற்றிவிட்டார். இவ்வளவு அக்கறையை நான் வேறு எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2009 மே வரை போர் நடந்த மண் அது. அந்த நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்டது. வீட்டுக்கு ஒருவரையாவது இழந்தவர்களிடம் போய், செய்தியில் கேட்டதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு பிடித்த ஊரை ஏன் இவளுக்கு முதலில் சொல்லவில்லை? இரண்டு காரணம். இருட்டிவிட்டால் தீவுப் பக்கமும் ஊர்ப்புறமும் பஸ் குறைந்துவிடும். கடைசிப் படகை விட்டுவிட்டுத் தனியாக ஒரு பெண் மாட்டிக்கொண்டால், உதவி செய்ய ஆள் வருவார்கள், ஆனால் வீட்டில் அக்கா தூங்க மாட்டாள். இரண்டாவது, ஊர் முழுக்கத் தமிழ். வாய் திறந்தால் வேலை முடிந்துவிடும். புரியாத மொழி பேசுகிற ஊரில் சமாளித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இவள் புறப்படுகிறாள். அதற்காக அங்கிருந்து கண்டி, எல்ல என்று மலைப்பக்கம் போகலாம்தான். ஆனால் 2025 நவம்பரில் வந்த டிட்வா புயல் மலையக ரயில் பாதையைக் கடுமையாகச் சிதைத்துவிட்டது. எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று பார்த்த பிறகே திட்டம் போட வேண்டும். ஆறு நாளில் யாழ்ப்பாணத்தையும் மலையகத்தையும் சேர்த்துத் திணித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

அறுபதாயிரத்துக்குப் பதிலாக முப்பதாயிரம்தான் இருக்கிறது என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். யாழ்ப்பாணம்தான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

மலேசியா

கடைசியில் நான் சொன்னது மலேசியா. கோலாலம்பூரில் இரண்டு இரவு, பினாங்கில் மூன்று இரவு.

விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1இலிருந்து இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம், இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டாக் என்ற டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் மாதிரியே ஜோடித்துக் காசு பிடுங்குகிற தளங்கள் தேடலில் மேலே வரும், அதில் விழுந்துவிடக் கூடாது.

விசா இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றுலா என்று வந்து வேலைக்குத் தங்கிவிடுகிறவர்கள் உண்டு என்பதால், வேலை வயதில் தனியாக வருகிற இந்தியர்களை அங்கே கொஞ்சம் உற்றுத்தான் பார்ப்பார்கள். நான் தனியாகப் போனபோது கவுண்டரில் தலையில் முக்காடு போட்ட ஓர் அதிகாரி. எத்தனை நாள் என்றார், சொன்னேன். திரும்பும் டிக்கெட் என்றார். போனில் இருக்கிறது என்று எடுத்தேன். விமான நிலைய வைஃபை ஓடிபி கேட்டது, என் சிம்முக்கோ அங்கே சிக்னல் இல்லை. திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை முனகியது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. அப்புறம்தான் புறப்படும்போது அக்கா வற்புறுத்தி பிரின்ட் எடுக்க வைத்த இரண்டு தாள் பையின் முன் அறையில் இருப்பது ஞாபகம் வந்தது. எடுத்து நீட்டினேன். அவர் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார், முத்திரை குத்தினார், அவ்வளவுதான். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, இன்சூரன்ஸ் மூன்றையும் தாளில் எடுத்துப் பையில் வைக்காமல் யாரும் விமானம் ஏற வேண்டாம் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்த நாட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம், தமிழ் அங்கே தேவைப்படும் தூரத்தில் இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. பேருந்தில், ரயிலில், கடையில் மலாயும் ஆங்கிலமும்தான். கெலுவார் என்றால் வெளியே போகும் வழி, மாசுக் என்றால் உள்ளே வரும் வழி, தண்டாஸ் என்றால் கழிப்பறை. இந்த மூன்றைத் தெரிந்துகொண்டால் ரயில் நிலையத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடை வாசலில் எல்லாம் 'கெடாய்' என்று போட்டிருக்கும். முதல் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், சாயங்காலம்தான் பளிச்சென்று உறைத்தது, அது நம் 'கடை'. கப்பலை அவர்கள் 'கபால்' என்கிறார்கள். கோலாலம்பூரில் எங்கேயாவது நிஜமாகவே திண்டாடினால், நம் ஆட்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போய்விடலாம். மலேசியத் தமிழர் நம்மைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

கோலாலம்பூரில் விமான நிலையம் ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அதிகம். விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல் வந்துவிடலாம், ஆனால் 55 ரிங்கிட். பஸ் அதில் பாதிகூட இல்லை, கொஞ்சம் நேரம் ஆகும். பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்தே நேராகக் கொம்யூட்டர் ரயில் போகிறது. 2006இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, பக்கத்தில் 272 படி. காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், அப்புறம் வெயிலும் குரங்கும் சேர்ந்துகொள்ளும். பெட்ரோனாஸ் கோபுரத்தைக் கீழே பூங்காவில் நின்று பார்த்தாலே போதும், மேலே ஏறும் டிக்கெட் காசைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். தோள்பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடக் கூடாது. பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவது அங்கே உண்டு.

பினாங்கு என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம், அந்த ஊரை நடந்தே பார்க்கலாம். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பட்டர்வொர்த். இறங்கி, மேம்பாலத்தில் நடந்தால் படகுத்துறை. சாயங்காலப் படகில் ஏறுவது மாதிரி நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எதிரே ஜார்ஜ் டவுனின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற, வேலை முடிந்து திரும்புகிறவர்களோடு ஓரமாக நின்றுகொண்டு பதினைந்து இருபது நிமிடம் கடலைக் கடப்போம். தனியாக வந்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது அந்தப் படகில்தான்.

2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. பழைய கடைவீடுகளையே விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். சீனர்களின் கருணைத் தெய்வக் கோவில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோவில் மூன்றும் நடந்து போகிற தூரத்துக்குள். தைப்பூசத்துக்குக் காவடிகள் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும். சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தோளில் காவடி கட்டிச் சோற்றையும் குழம்பையும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் கொடுத்த சாப்பாடு அது. நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தரச் சொல்ல வேண்டும். சைவக்காரர்களுக்கு வாழையிலைச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். ஊருக்குள் இலவச பஸ் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. தப்பான நிறுத்தத்தில் இறங்கினால் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம், காசே இல்லை. நான் சொன்ன கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

பணக்கணக்கையும் மாடியிலேயே போட்டுவிட்டோம். ரிங்கிட்டை 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய்வர, இரண்டு மாதம் முன்னால் போட்டால் 18,000 ரூபாய் போல. ஐந்து இரவுக்கு ஹாஸ்டல் 60 ரிங்கிட் வீதம் 6,600. சாப்பாடு ஒரு நாளைக்கு 50 ரிங்கிட், ஆறு நாளுக்கு இன்னொரு 6,600. பினாங்கு ரயில் இரண்டு பக்கமும் 150 ரிங்கிட், அதாவது 3,300. ஊருக்குள் சுற்றவும் நுழைவுச்சீட்டுக்கும் 5,500. சிம், இன்சூரன்ஸ் 2,000. வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, விடுதிக் கவுண்டரில் தனியாகக் கேட்பார்கள், அது ஒரு 1,100. மொத்தம் 43,100. மிச்சம் 17,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த மிச்சத்தில் துணி எடுக்கலாமா என்றாள். கூடாது என்றேன். அது தப்புகளுக்கான பணம், விமானம் ஏறித் திரும்புகிறவரை தொடக் கூடாது.

எந்த ஊரானாலும்

நம் பெயர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழர்களுக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் நம் ஊரில் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது எத்தனை பேர் தவித்தார்கள். பிறகு அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் உள்ளே இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். புதிதாக எடுக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது நல்லது. டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்து அப்படியே வர வேண்டும். பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் எடுத்தால் மேலே 2,000. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தால் இசிஎன்ஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவையில்லை என்ற தகுதி, கிடைத்துவிடும். நாளைக்கு வேலைக்காக வளைகுடா போவதென்றால் குடியேற்ற அனுமதிக்கு அலைய வேண்டியிருக்காது. ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால், அது காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

வங்கிக் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. வங்கியின் செயலியில் போய் 'சர்வதேசப் பயன்பாடு' என்பதை நாமே திறந்துவிட வேண்டும். அங்கே ஏடிஎம்மிலோ கடையிலோ "ரூபாயில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா" என்று திரை கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிக்கொள்வார்கள், ஒவ்வொரு தடவையும் நமக்குத்தான் நஷ்டம். இரண்டு வங்கிகளின் கார்டு வேண்டும், இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது.

அடுத்தவர் பார்சலைத் தொடவே கூடாது. "எங்க அண்ணன் அங்க வந்து வாங்கிக்குவார், மருந்துதான்" என்று விமான நிலையத்தில் கெஞ்சினாலும், தெரிந்தவரே ஆனாலும் சரி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குவரை போகும். பையில் இருந்தால் அது நம்முடையது, அவ்வளவுதான் சட்டம்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். முதலில் போலீஸில் புகார், அந்த நகலோடு இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். கோலாலம்பூரில் தூதரகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டுப் போகலாம்.

மறுநாள் காலையில் மடிக்கணினியைத் திறந்து பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பினாள். பெயர்க் கட்டங்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காபி கொண்டுவந்த அக்கா கொஞ்ச நேரம் பின்னாலேயே நின்றாள். அப்புறம் கேட்டாள்: "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட முடியுமா? நான் எட்டாவதுதான் படிச்சேன், குடுப்பாங்களா?"

"உனக்கு எதுக்கும்மா?" என்றாள் இவள்.

"இவ அங்க போய் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பாஸ்போர்ட் இல்லன்னு நான் இங்க உட்கார்ந்துட்டு இருக்கவா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

கொடுப்பார்கள். எட்டாவது படித்தவருக்கு இசிஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்போடு வரும். அது வேலைக்குப் போகிறவர்களுக்கான தடைதான், மகளைப் பார்க்கப் போகிறவரை நிறுத்தாது. அக்காவுக்கும் அதே நாளில் நேரம் வாங்கியிருக்கிறோம்.